மூன்று நினைவுகள் கொண்ட பெட்டி

1990 வாக்கில் அமெரிக்காவில் தயாரான ஒரு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கில் சாவியைத் திருப்பினால், எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே இரண்டு காரியங்கள் நடந்துவிடும். டேஷ்போர்டில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரியும். பெட்ரோல் டேங்க் பக்கமிருந்து ஓரிரு வினாடி பம்ப் ஓடி நிற்கும் முனகல் கேட்கும். இரண்டும் எஞ்சின் கம்ப்யூட்டர் இடும் உத்தரவுகள். பேட்டரி நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் விளக்கும் எரியவில்லை, பம்பும் முனகவில்லை என்றால் மெக்கானிக்கின் பார்வை ஓட்டுநரின் இடது கால் பக்கம் போகும். அங்கே பார்க்கிங் பிரேக் மிதிக்கு அருகில், கால் படும் ஓரத்துத் தகட்டுக்குப் பின்னால், ஓர் அலுமினியப் பெட்டி செருகப்பட்டிருக்கிறது. அதுதான் கம்ப்யூட்டர்.

பெட்டியைக் கழற்று, வேறு பெட்டியை மாட்டு, வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் மாட்டிய பிறகும் வண்டி பழையபடியே மக்கர் செய்வதும், மாற்றுப் பெட்டியும் கருகிப்போவதும், எஞ்சின் ஓடினாலும் கியர் மாறாமல் திணறுவதும் இந்தத் தொழிலில் சகஜம். அந்தப் பெட்டிக்குள் ஆயுள் வேறுபட்ட மூன்று நினைவுகள் இருப்பது இதற்கு ஒரு காரணம். முதலாவது, தொழிற்சாலையில் எழுதப்பட்டது. பெட்டி உள்ளவரை மாறாது. இரண்டாவது, இந்த ஒரு வண்டியோடு பழகிப் பழகிச் சேர்த்தது. பேட்டரியைக் கழற்றினால் போய்விடும். மூன்றாவது, இந்த நொடிக்கானது. சாவியை அணைத்ததும் அழியும். பெட்டியை மாற்றுகிறவர் முதலாவதைத் தேடிப் பொருத்த வேண்டும், இரண்டாவது திரும்ப வளரக் காத்திருக்க வேண்டும். பெட்டியைக் கெடுக்கும் பொருளோ இந்த மூன்றிலும் சேராதது. அது ஒரு சொட்டுத் திரவம்.

கார்புரேட்டர் தோற்ற இடம்

ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் வரிசையாக இருந்துவருகிறது. பண்ணையில் வைக்கோல் சுமக்கவும், கட்டட வேலைக்கு மரம் ஏற்றவும் வாங்கப்பட்ட முரட்டு வண்டி. அதன் 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் 1965-இல் வந்து 1996 வரை பெரிய மாற்றமில்லாமல் தாக்குப்பிடித்தது. இப்படிப்பட்ட வண்டிக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? வேகத்துக்காகவோ சொகுசுக்காகவோ அது வரவில்லை, புகைக்காக வந்தது.

1970-இல் அமெரிக்கக் காங்கிரஸ் திருத்திய தூய காற்றுச் சட்டம், கார்கள் வெளியிடும் நச்சு வாயுக்களைச் சில ஆண்டுகளுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கெடுக்கள் பின்னர் தள்ளிப்போயின. ஆனால் திசை மாறவில்லை. 1975 மாடல் கார்களில் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி பரவலாக வந்தது. அடுத்து வந்த ‘மும்முனை’ மாற்றி கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தணிக்கக் கூடியது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று என்ற விகிதத்தை எஞ்சின் விட்டு விலகக் கூடாது. பெட்ரோல் சற்றே கூடினால் கார்பன் மோனாக்சைடு மிஞ்சும். சற்றே குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும். மூன்றுக்கும் இடம் தரும் இடைவெளி மிகக் குறுகியது.

துளையும் ஊசியும் மிதவையும் வைத்து வேலை செய்யும் கார்புரேட்டரால் அந்த இடைவெளிக்குள் நிலையாக நிற்க முடியாது. வெயில், உயரம், தேய்மானம் எல்லாம் அதைத் தள்ளிவிடும். புகையை முகர்ந்து பார்த்து, அடுத்த துளியைத் திருத்துகிற ஏதோ ஒன்று வேண்டும். முகரும் மூக்கு முதலில் வந்தது: 1976-இல் வால்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் சென்சார் பொருத்தப்பட்டது. சிர்கோனியா என்ற பீங்கான், சில நூறு டிகிரிக்குச் சூடேறியதும், புகையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் 0.9 வோல்ட்டுக்கு அருகிலும், மிகுதியாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்கு அருகிலும் மின்னழுத்தம் தருகிறது. சரியான விகிதத்தைக் கடக்கும் புள்ளியில் அந்த அழுத்தம் சட்டென்று தாவுகிறது.

அந்தத் தாவலைக் கவனித்து முடிவெடுக்க ஒரு கணிப்பான் வேண்டும். ஃபோர்டு இதற்கு முன்பே ஜப்பானின் டோஷிபாவிடம் போயிருந்தது. எஞ்சினைக் கட்டுப்படுத்தவென்றே டோஷிபா உருவாக்கிய 12 பிட் நுண்செயலி 1973-இல் தயாரானது. 1978 மாடல் லிங்கன் வெர்சைல்ஸ் காரில் ஃபோர்டின் முதல் எஞ்சின் கம்ப்யூட்டர் சாலைக்கு வந்தது. 1980களின் முற்பாதியில் வந்த நான்காம் தலைமுறை, ஃபோர்டுக்காகவே இன்டெல் வடிவமைத்த 8061 என்ற 16 பிட் சில்லைக் கொண்டது. மெக்கானிக்குகள் இதை இ.இ.சி.-4 என்பார்கள். 1988 வாக்கில் எஃப் வரிசையின் பெட்ரோல் எஞ்சின்கள் அனைத்தும் கார்புரேட்டரை விட்டுவிட்டு, இந்தக் கம்ப்யூட்டர் ஆளும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியிருந்தன. இன்று ‘பழைய டிரக்கின் கம்ப்யூட்டர் போச்சு’ என்று அமெரிக்க வொர்க்‌ஷாப்பில் ஒருவர் சொன்னால், பல சமயம் அந்தப் பேச்சு இந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

ஐந்து மில்லி வினாடிக்குள்

நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எட்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி ஆகிறது. ஒரு சுற்றில் நான்கு முறை தீப்பொறி பறக்க வேண்டும். அதாவது ஐந்து மில்லி வினாடிக்கு ஒன்று. கிராங்க் தண்டு ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு. இந்த இடுக்கில் கம்ப்யூட்டர், எவ்வளவு காற்று வந்தது, அதற்கு இன்ஜெக்டரை எத்தனை மில்லி வினாடி திறப்பது, பிளக்கில் பொறியை எத்தனை டிகிரி முன்கூட்டி விடுவது என்று கணக்கிட்டாக வேண்டும்.

காற்று எவ்வளவு என்பதை அது அறியும் விதம் அழகானது. பெரும்பாலான கம்பெனிகளின் அழுத்த சென்சார்கள் காற்றழுத்தத்தை வோல்ட்டாகச் சொல்லும். ஃபோர்டின் சென்சார் அதை அதிர்வெண்ணாகச் சொன்னது. கடல் மட்டத்தில் எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது அதன் கம்பியில் வினாடிக்கு 159 துடிப்புகள் வரும். அதை ஒரு ஒலிபெருக்கியில் இணைத்தால், ஆண் பாடகர் இரண்டரைக் கட்டையில் சுருதி சேர்த்தது போலக் கேட்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 5000 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரில் அதே சுருதி 144-க்கு, ஏறக்குறைய இரண்டு கட்டைக்கு, இறங்கிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கி ஐடிலில் நிற்கும்போது, காற்றுக்குழாயில் வெற்றிடம் உருவாவதால் நூற்றுச் சொச்சத்துக்குத் தாழும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மேலே ஏறும். எண்ணுவது மட்டும் தெரிந்த இயந்திரத்துக்கு வோல்ட்டை அளப்பதைவிடத் துடிப்பை எண்ணுவது சுலபம், துல்லியமும் கூடுதல்.

இந்த அளவீடுகள் அனைத்தும் வந்து போகும் இடம்தான் அந்த மூன்றாவது நினைவு. கணத்துக்குக் கணம் எழுதி அழிக்கப்படுகிற சிலேட்டு அது. மெக்கானிக் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது முதல் நினைவைப் பற்றி. இன்ன சுழற்சி வேகத்தில், இன்ன சுமையில், இத்தனை டிகிரி தீப்பொறி, இத்தனை பெட்ரோல் என்ற அட்டவணைகள் சில பத்து கிலோபைட் இடத்தில் சில்லில் எழுதப்பட்டிருக்கின்றன. எஞ்சினை ஆய்வுமேடையில் மாதக்கணக்கில் ஓட்டி, பனியிலும் பாலைவனத்திலும் வண்டியைச் சோதித்துப் பொறியாளர்கள் சேர்த்த அனுபவத்தின் சாறு அது. வண்டிக்கு வண்டி அது வேறுபடும். ஒரே ஆண்டில் வந்த ஒரே எஞ்சின்கூட, கையால் கியர் போடும் வண்டியில் ஒரு விதமாகவும், தானியங்கி கியர்பாக்ஸ் வண்டியில் இன்னொரு விதமாகவும், கலிஃபோர்னியாவின் கடுமையான புகை விதிக்கு வேறொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது நினைவு தேய்மானத்தைப் பற்றியது. அந்த அட்டவணைகள் புத்தம் புதிய எஞ்சினுக்கானவை. ஒரு லட்சம் மைல் ஓடிய பிறகு இன்ஜெக்டரில் பிசின் படிந்திருக்கும்; பம்பின் அழுத்தம் குறைந்திருக்கும். ஆக்சிஜன் சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால், கம்ப்யூட்டர் இன்ன வேகத்தில் இத்தனை சதவீதம் கூடுதலாகக் கொடு என்று ஒரு திருத்தத்தைக் குறித்துவைத்துக்கொள்கிறது. சாவியை அணைத்தாலும் இந்தக் குறிப்புகள் அழியாதிருக்கப் பேட்டரியிலிருந்து ஒரு தனிக் கம்பி எப்போதும் மின்சாரம் கொடுக்கிறது. 60 ஊசிகள் கொண்ட அந்தக் கனெக்டரில் அது முதல் எண் ஊசி.

வற்றும் துளி

இந்தப் பெட்டிகள் முப்பது வயதைத் தாண்டியபின் கெடுவதில் ஒரு பொதுவான பாங்கு தெரிகிறது. இன்டெல் சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதன் அருகே நிற்கும் சிறு உருளைகள், அதாவது மின்பகு கெப்பாசிட்டர்கள், கசிந்திருக்கின்றன.

பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் கரடுமுரடானது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பத்து வோல்ட்டுக்குக் கீழே விழும். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பதினான்குக்கு மேல் ஏறும். சில்லுக்குத் தேவையோ அசையாத ஐந்து வோல்ட். இந்த மேடு பள்ளத்தைச் சமன்செய்வது கெப்பாசிட்டரின் வேலை. உள்ளே அலுமினியத் தகடு, அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம், அதை ஒட்டித் திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாம் சேர்ந்த ஒரு சுருள். ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1.4 நானோமீட்டர் என்ற கணக்கில் அந்தப் படலம் வளர்க்கப்படுகிறது. இருபது சொச்சம் வோல்ட்டுக்கு வளர்த்த படலம், ஒரு மில்லிமீட்டரை முப்பதாயிரம் கூறாகப் பிரித்தால் ஒரு கூறு. இவ்வளவு மெலிந்த சுவர் என்பதாலேயே, விரல் நுனியளவு உருளைக்குள் அவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்க முடிகிறது. தகட்டின் ஒவ்வொரு குழிக்குள்ளும் போய் அந்தச் சுவரைத் தொட, திடப்பொருளால் முடியாது. அதனால்தான் உள்ளே திரவம்.

திரவம் இருந்தால் ஆவியாகும். உருளையின் அடியில் உள்ள ரப்பர் மூடி அதைத் தடுக்கிறது. ஆனால் முழுதாக அல்ல. உற்பத்தியாளர்கள் ‘105 டிகிரியில் 2000 மணி நேரம்’ என்று ஆயுளைக் குறிப்பிடுவார்கள். வேதிவினைகளின் பொதுவிதிப்படி வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 45 டிகிரியில் கணக்கிட்டால் அறுபது டிகிரி குறைவு. ஆறு முறை இரட்டிக்க வேண்டும். 2000 மணி 1,28,000 மணி ஆகிறது. சுமார் பதினான்கரை ஆண்டுகள். பெட்டியை எஞ்சின் அறையில் வைக்காமல் ஓட்டுநரின் காலடியில் வைத்ததற்கு ஒரு காரணம் இந்தக் கணக்கில் தெரிகிறது. ஆனால் 1990-இல் வாங்கிய வண்டி எந்தக் கணக்கையும் தாண்டி எப்போதோ வந்துவிட்டது.

வற்றுவதாவது பரவாயில்லை, கசிவது அதைவிட மோசம். 1980களின் பிற்பகுதியில் புழங்கிய சில மின்பகு திரவங்கள் ரப்பர் மூடியையே அரித்து வெளியேறின. பலகையில் பரவும் திரவம் மின்சாரத்தைக் கடத்தும்; செம்புத் தடங்களைப் பச்சையாக அரிக்கும். அப்படிப்பட்ட பலகையில் சோல்டரிங் இரும்பை வைத்தால் கருவாட்டு வாடை எழும். அரித்த தடம் அறுந்தால் பெட்டி முழுதாகச் சாகும். அறுபடும் நிலையில் தொங்கினால், குளிரில் ஓடி வெயிலில் நின்று, மேட்டில் துள்ளி நின்று, மெக்கானிக்கிடம் வந்ததும் ஒழுங்காக ஓடிக் காட்டும்.

சில்லு இப்படித் தடுமாறும்போது என்ன நடக்க வேண்டும் என்பதையும் வடிவமைத்தவர்கள் யோசித்திருந்தார்கள். கணிப்பு நின்றுவிட்டால் ஒரு தனி மின்சுற்று பொறுப்பை எடுத்துக்கொள்ளும். எல்லா வேகத்துக்கும் ஒரே தீப்பொறி நேரம், நிலையான பெட்ரோல் அளவு. இழுவை இருக்காது; மேடு ஏறத் திணறும். ஆனால் நடு வழியில் நிற்காமல் வீடு போய்ச் சேரலாம்.

கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது

நல்ல மெக்கானிக் கம்ப்யூட்டரைக் கடைசியில்தான் குறை சொல்வார். பெட்டியைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுப்பார். 37, 57-ஆம் ஊசிகளில் பேட்டரி வோல்ட் வருகிறதா? 40, 60-ஆம் ஊசிகள் பேட்டரியின் எர்த்துடன் உறுதியாக இணைந்திருக்கின்றனவா? எர்த் முனை துருப்பிடித்து, வழியிலேயே அரை வோல்ட் தங்கிவிட்டால், சென்சார்களின் பேச்சு தப்பாகக் கேட்கலாம். அப்போது கம்ப்யூட்டர் எடுக்கும் தப்பான முடிவுகளுக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பல்ல. எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து முடுக்கியதும் ‘கெட்டுப்போன’ பெட்டி உயிர் பெறுவது உண்டு.

அடுத்து 26-ஆம் ஊசி. சென்சார்களுக்குக் கம்ப்யூட்டர் பங்கிட்டுக் கொடுக்கும் ஐந்து வோல்ட் அங்கே புறப்படுகிறது. எங்கோ ஒரு சென்சாரிலோ, வெந்துபோன வயரிலோ அது ஷார்ட் ஆனால் பெட்டி முழுதுமே செத்தது போலத் தோன்றும். சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வர வேண்டும். ஏதோ ஒன்றைப் பிடுங்கியதும் ஐந்து வோல்ட் திரும்பினால் குற்றவாளி அங்கே இருக்கிறது, கம்ப்யூட்டர் நிரபராதி.

சந்தேகம் இன்னும் இருந்தால், பெட்டியையே விசாரிக்கலாம். எஞ்சின் அறையிலுள்ள சோதனைக் கனெக்டரில் இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், ரிலேக்கள் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். பிறகு ‘செக் எஞ்சின்’ விளக்கு கண் சிமிட்டி எண்களைச் சொல்லத் தொடங்கும். ஒரு சிமிட்டு, இடைவெளி, ஒரு சிமிட்டு: 11. எல்லாம் சரி என்று பொருள். 1990களின் தொடக்கத்தில் எண்கள் மூன்று இலக்கமாக மாறின. அங்கே நலம் என்பதற்கு 111.

இந்த எண்களில் சில கம்ப்யூட்டர் தன்னைப் பற்றியே சொல்பவை. 511 என்றால் தொழிற்சாலை நினைவில் கோளாறு. அந்த நினைவிலுள்ள எண்களையெல்லாம் கூட்டி, வரவேண்டிய மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறாக இருந்தால் தன் மேலேயே புகார் சொல்கிறது. 512 கற்ற நினைவைப் பற்றியது. 513 உள்மின்னழுத்தத்தைப் பற்றியது. இவற்றில் 512-ஐ அவசரப்பட்டு நம்பக் கூடாது. சற்று முன்தான் யாராவது பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் அது வரும்.

எஞ்சின் ஓடும்போது செய்யும் சோதனை இன்னும் சுவாரசியமானது. முதலில் கம்ப்யூட்டர் தன் எஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கையில் பாதியைச் சிமிட்டும்: எட்டு என்றால் நான்கு, ஆறு என்றால் மூன்று. பிரேக்கை மிதிக்கவும் ஸ்டியரிங்கைத் திருப்பவும் வேண்டும்; அந்தச் சைகைகள் தன்னிடம் வந்து சேர்கின்றனவா என்று அது பார்க்கும். பிறகு தனியாக ஒரு சிமிட்டு வரும். ‘இப்போது ஆக்சிலரேட்டரை ஒரு முறை அழுத்தி விடு’ என்று அர்த்தம். ஒரு விளக்கும் ஒரு துண்டு வயரும் போதும், இயந்திரமும் மெக்கானிக்கும் பேசிக்கொள்ள.

இத்தனைக்குப் பிறகும் பெட்டிதான் கெட்டது என்று முடிவானால், அடுத்த கேள்வி: எது அதைக் கெடுத்தது? கெப்பாசிட்டர் என்றால் வயது. ஆனால் பெட்டியைத் திறந்ததும் ஒரு டிரான்சிஸ்டர் கருகியிருந்தால் காரணம் வெளியே இருக்கிறது. கம்ப்யூட்டர் சோலனாய்டுகளை எர்த் பக்கமாக இணைத்து இயக்குகிறது. 60 ஓம் இருக்க வேண்டிய ஒரு சுருளில் 12 வோல்ட்டுக்கு 0.2 ஆம்பியர்தான் ஓடும். சுருள் உள்ளே ஷார்ட் ஆகி 2 ஓம் ஆகிவிட்டால் 6 ஆம்பியர், முப்பது மடங்கு. அதைத் தாங்கும் வலு அந்த டிரான்சிஸ்டருக்குக் கிடையாது. அந்தச் சோலனாய்டை அப்படியே விட்டுவிட்டு வேறு பெட்டியை மாட்டினால், அதுவும் அதே இடத்தில் கருகும். ஆகவே புதிய பெட்டியைச் செருகும் முன், பழைய பெட்டி இயக்கிய ஒவ்வொரு சுருளின் ஓமையும் அளந்தாக வேண்டும். பத்து நிமிட வேலை. ஒரு பெட்டியின் விலையை மிச்சப்படுத்தும்.

பெட்டியைத் தேடி

மாற்றுப் பெட்டி மூன்று வழியில் கிடைக்கும். காயலான் கடையில் நிற்கும் இன்னொரு வண்டியிலிருந்து. பழுதுநீக்கிப் புதுப்பித்து விற்பவர்களிடமிருந்து. அல்லது இதே பெட்டியின் கெப்பாசிட்டர்களை மாற்றி, அரித்த தடங்களுக்குக் கம்பி கட்டிப் பிழைக்க வைப்பதிலிருந்து. புதுப்பித்து விற்பவர்கள் பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஒரு முன்பணத்தைப் பிடித்துவைப்பார்கள். ஃபோர்டு இவற்றைத் தயாரிப்பதை நிறுத்தி நெடுங்காலம் ஆகிவிட்டதால் அவர்களுக்கு மூலப்பொருளே கெட்ட பெட்டிகள்தான்.

வாங்கும்போது வடிவம் ஒன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. 60 ஊசிக் கனெக்டர் அந்தக் காலத்து ஃபோர்டு வண்டிகள் எத்தனையோவற்றில் ஒன்றேதான். காரின் பெட்டியை டிரக்கில் செருகலாம், போல்ட்டும் பொருந்தும். உள்ளே இருக்கும் அட்டவணைதான் வேறு. பார்க்க வேண்டியது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள குறியீடு. 1989 முதல் 1993 வரையிலான கையியக்க கியர் மஸ்டாங் காரின் ‘ஏ9எல்’ என்ற மூன்றெழுத்து அமெரிக்க வண்டிப் பிரியர்களிடையே பிரசித்தம். அப்படி ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு குறியீடு உண்டு. தானியங்கி கியர்பாக்ஸைக் கம்ப்யூட்டரே ஆளும் டிரக்கில், அந்த வேலை தெரியாத பெட்டியை மாட்டினால் எஞ்சின் ஓடும், கியர் மாறாது.

ஜெனரல் மோட்டார்ஸ் இதே காலத்தில் வேறு வழியைப் பிடித்தது. செவ்ரொலே டிரக்கின் கம்ப்யூட்டரில் அட்டவணை எழுதிய சில்லு ஒரு சிறு மூடிக்கு அடியில், கையால் கழற்றும்படி செருகப்பட்டிருந்தது. மாற்றுப் பெட்டி அந்தச் சில்லு இல்லாமலேயே வரும். பழைய பெட்டியிலிருந்து சில்லைப் பிடுங்கிப் புதியதில் வைத்தால் தொழிற்சாலை நினைவு அப்படியே இடம் மாறிவிடும். ஒரே வகைப் பெட்டி எத்தனையோ வண்டிகளுக்குப் பொருந்தும். ஃபோர்டின் பெட்டியில் உடலும் நினைவும் ஒட்டியே இருந்தன. அதனால் சரியான பெட்டியைத் தேடும் அலைச்சல் ஃபோர்டு வைத்திருப்பவருக்கு அதிகம்.

மாட்டும் வேலை எளிது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, எஞ்சின் அறைப் பக்கமிருந்து கனெக்டரின் 10 மில்லிமீட்டர் போல்ட்டைத் தளர்த்தி, உள்ளே காலடிப் பக்கமிருந்து பெட்டியை உருவ வேண்டும். புதியதைச் செருகிய பின், ஓடும் சோதனையில் வரும் முதல் சிமிட்டுகளை எண்ணிப் பார்க்கலாம். ஆறு சிலிண்டர் வண்டியில் விளக்கு நான்கு முறை சிமிட்டினால், கடைக்காரர் கொடுத்தது எட்டு சிலிண்டர் வண்டியின் பெட்டி.

மாட்டியதும் வண்டி சற்றுத் தள்ளாடும். ஐடில் ஏறி இறங்கும், சிக்னலில் அணைந்துபோகலாம். உடனே புதிய பெட்டியும் மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொழிற்சாலை அட்டவணை வந்துவிட்டது; இந்த எஞ்சினின் தேய்மானத்தைப் பற்றிய குறிப்புகள் இன்னும் வரவில்லை. இதற்கு 10 மைலோ அதற்கு மேலோ ஓட்ட வேண்டியிருக்கும் என்று ஃபோர்டின் பழுதுபார்ப்புக் கையேடுகளே சொல்கின்றன. வண்டியைச் சூடாக்கி, நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் மாறி மாறி ஓட்டினால், வெவ்வேறு வேகத்துக்கும் சுமைக்குமான திருத்தங்கள் ஒவ்வொன்றாக நிரம்பும். சில சமயம் இந்த மறதி நன்மையும் செய்கிறது. ஒரு காற்றுக் கசிவை ஈடுகட்டப் பழைய பெட்டி குறித்துவைத்த திருத்தம், கசிவை அடைத்த பிறகும் தொடர்ந்திருந்தால், அது இப்போது ஒழிந்தது.

சாவி கேட்கும் பெட்டிகள்

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் இலகு டிரக்குகளுக்கும் ஒரே மாதிரியான சோதனைக் கனெக்டரும் பொதுவான பிழை எண்களும் கட்டாயமாயின. கண் சிமிட்டும் விளக்கின் காலம் முடிந்தது. அதே ஆண்டுகளில் திருட்டைத் தடுக்கச் சாவிக்குள் ஒரு சிறு சில்லு வரத் தொடங்கியது. அந்தச் சாவியைப் பதிவு செய்யாவிட்டால் வண்டி கிளம்பாது. தொழிற்சாலை நினைவை அழித்து எழுதவும் முடிந்தது. இப்போது காயலான் கடைப் பெட்டியைச் செருகினால் மட்டும் போதாது. வண்டி எண்ணையும் சாவியையும் சரியான அட்டவணையையும் அதில் எழுத வேண்டும். எழுதும் மென்பொருள் பெரும்பாலும் கம்பெனியின் கையில் இருக்கிறது. 2012 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் வண்டியைப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவளித்ததும், 2014-இல் கார் கம்பெனிகள் நாடு முழுவதற்கும் ஓர் ஒப்பந்தத்துக்கு இறங்கிவந்ததும் இந்தப் பூட்டை ஒட்டிய சண்டையில்தான்.

இது அமெரிக்கர்களின் தலைவலி மட்டும் இல்லை. நம் லாரிகளில் நெடுங்காலம் டீசலை அளந்து கொடுத்தது ஒரு பம்ப். அது கோளாறு செய்தால் பம்ப் சர்வீஸ் கடையில் மேடையில் ஏற்றி, அளந்து, திருகித் திருத்திவிடுவார்கள். 2017 ஏப்ரலில் பி.எஸ்.-4 என்ற புகை விதி நாடு முழுவதும் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6. இன்றைய புதிய லாரியில் டீசலின் ஒவ்வொரு துளியையும், புகையில் தெளிக்கும் யூரியாக் கரைசலையும் கம்ப்யூட்டர்தான் அளக்கிறது. அந்தப் பெட்டிகளுக்கும் ஒரு நாள் முப்பது வயதாகும். பழுதுபார்க்கும் உரிமைக்கான விதிமுறையை வகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் அமைத்த குழு, வாகனங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது.

1990-இன் எஃப்-150 இந்தக் குழுவுக்கு ஒரு நல்ல சாட்சி. அதில் உடைந்தது எதுவோ அதைச் சோல்டரிங் இரும்போடு உட்கார்ந்த ஒருவரால் மாற்ற முடிந்தது. அது எந்த வண்டிக்கான அறிவு என்பது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டிலேயே எழுதியிருந்தது. கற்ற நினைவு போனாலும், பத்து மைல் ஓட்டினால் திரும்பி வந்தது. இப்போது சொன்ன இந்த மூன்றில் முதலாவது சோல்டரிங் இரும்பும், மூன்றாவது எஞ்சினும் பார்த்துக்கொள்ளும் விஷயங்கள். இன்றும் அவை பெரிதாக மாறவில்லை. மாறியிருப்பது நடுவில் உள்ளது, எந்த வண்டிக்கான அறிவு என்பது. கெப்பாசிட்டரைச் சில ரூபாய்க்கு எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் வாங்கிவிடலாம். தொழிற்சாலை அட்டவணையின் பிரதி யாரிடம் இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும், லாரிக்காரருக்கு எந்த விலையில் கிடைக்கும் என்பதைப் புதிய லாரி ஷோரூமை விட்டு இறங்கும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும். முப்பது ஆண்டு கழித்துக் கேட்டால், பதில் சொல்லக் கம்பெனியே இல்லாமல் போயிருக்கலாம்.